பார்க்காமல் வரைந்த ஏரி

ஒரு படத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால், முதல் காரியமாக அதில் ஒரு பகுதியை மறைப்பார். வலது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையால் படத்தின் ஒரு மூலையை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பார்ப்பார். பிறகு அடுத்த மூலை. பிறகு நடு. மறைத்த பின்னும் படத்துக்கு எதுவும் குறையவில்லை என்றால் அந்த இடம் வீண் என்பது அவர் கணக்கு. கோடைக்கானல் குளிருக்கு அவர் போட்டிருந்த ஸ்வெட்டரின் கை நீளமாகி விரல் நுனிவரை இறங்கிக் கிடக்கும். அதை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டுதான் தொடங்குவார். ஸ்வெட்டர் ஏறியதும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் வகுப்பில் அவர்கள் ஒருநாளும் அப்படி அடங்கியதில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் மிஸ் என்றார்கள். என்னைவிட மிக இளையவர் என்றாலும் நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன்.

மலைமேல் அப்போது ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் ஓவியத் துறைக்கு நான் தலைவன். அவர் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, இவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். நான் தலையசைப்பேன். அவருக்கு இன்னொரு வருடம் வேலை கிடைக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஆண்டிறுதிக் கண்காட்சி மே மாதம், சீசன் கூட்டத்துக்கு நடுவில் வரும். பிள்ளைகளை வரைய வைத்துவிடலாம். வரைந்ததை மாட்டுவதுதான் பெரும்பாடு. தேர்வு எழுதும் மண்டபத்தையே எங்களுக்குக் கொடுப்பார்கள். கடைசித் தேர்வு முடிந்து பெஞ்சுகளை வெளியே தள்ளும்வரை உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. டேப் ஒட்டினால் இந்த ஊர் ஈரத்தில் சற்று நேரம்கூடத் தாங்காது. ஆகவே ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிடுவோம். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கி மண்டபத்துக்குள் நுழைந்தால் காகிதமெல்லாம் தணலில் காட்டிய அப்பளம்போல நெளியும். கயிறு தொய்யும். வருகிற சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டு, படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார். சால்வை போடுவோம். சமோசா தின்ற விரலால் யாராவது ஒரு வானத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மிஸ். ஒவ்வொரு மாணவரும் எட்டுப் படம் கொடுக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். எட்டையும் மாட்டிவிட்டால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, நிர்வாகத்துக்குப் பெருமை, எனக்கும் தலைவலி இல்லை. அவரோ எட்டையும் தரையில் பரப்பி, ஸ்வெட்டரை ஏற்றி, மறைத்து மறைத்துப் பார்ப்பார். ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்.

"ஒண்ணு போதும்."

பிள்ளைகள் அழுவார்கள். ஒரு பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று விடுதியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர் யாரையும் சமாதானப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கண்காட்சி அன்று அதே பிள்ளை தன்னுடைய ஒற்றைப் படத்துக்கு எதிரே, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல, அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதை ஒவ்வொரு வருடமும் நான் மண்டபத்தின் மறுமூலையிலிருந்து கவனிப்பேன். என்னிடம் படித்து யாரும் அப்படி நின்றதில்லை.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். துறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாஸ்டர் தட்டு நிறைய வடையும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைப்பார். மிஸ் ஒரே ஒரு வடையை எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவார். "மிஸ்ஸுக்கு வித்து நான் கடை நடத்துனா மாதிரிதான்" என்பார் மாஸ்டர். கிறிஸ்துமஸுக்கு மிஸ்ஸின் தெருவே சீரியல் பல்பில் மினுங்கும்போது அவர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் ஒன்று மட்டும் தொங்கும். அவருடைய தகப்பனார் மிஷன் பள்ளி ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் காலத்தில் கிடைத்த சின்ன வீடு அது. முன்னறையில் ஒரே ஒரு ஆணி. அதில் யாராவது ஒரு மாணவர் வரைந்த படம் தொங்கும். ஒரு மாதம் பார்த்துவிட்டு அதை இறக்கி வேறொருவருடையதை மாட்டுவார். யார் படம் மிஸ் வீட்டு ஆணியில் இருக்கிறது என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும். ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒருமுறை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். எங்கள் கூடத்தில் ஒரு ஷோகேஸ் இருந்தது. நான் வாங்கிய கேடயங்கள், தஞ்சாவூர்ப் பொம்மைகள், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் பறவைகள் எல்லாம் அதில் இருந்தன. கை கழுவிவிட்டு வந்தவர் அதன் முன்னால் நின்றார். ஸ்வெட்டர் ஏறியது. கையை மட்டும் நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான் எழுந்து வரும்போது என் மனைவி ஷோகேஸின் முக்கால்வாசியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இதெல்லாம் எடுக்குற?"

"துடைச்சுத் துடைச்சுக் கை வலிக்குது. அந்தப் பிள்ளை மறைச்சுக் காட்டுச்சு, வெறும் பொம்மை ஒண்ணு மட்டும் இருந்தா எவ்வளவு நல்லாருக்கு."

கேடயங்கள் பெட்டிக்குள் போயிருந்தன. பொம்மை வெளியே இருந்தது. அன்று முழுவதும் நான் மனைவியிடம் பேசவில்லை. என் வீட்டுக்குள்ளும் அவர் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியில் ஆசிரியர்களுக்கென்று ஒரு சுவர் உண்டு. அது மரபு. அவர் தன்னுடையதை ஒருபோதும் வைத்ததில்லை, ஆகவே அந்தச் சுவர் முழுக்க எனக்கே. நான் ஏரியை வரைபவன். நீர்வண்ணம். அதிகாலை ஏரி, படகுள்ள ஏரி, பனி மூடிய ஏரி. கோடைக்கானலில் பாதி லாட்ஜுகளின் வரவேற்பறையில் என் ஏரிதான் தொங்கியது. விருந்தினர்கள் முதலில் வந்து நிற்பதும் என் சுவருக்கு முன்னால்தான். பல வருடம் வரைந்து வரைந்து, ஏரிக்குப் போகாமலேயே ஏரியை வரையும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அதை ஒரு திறமை என்றே எண்ணியிருந்தேன்.

என் ஏரிகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. என் சுவருக்கு முன்னால் வந்தால் ஸ்வெட்டர் விரல் நுனியிலேயே இருக்கும்.

ஒருநாள் வகுப்புத் தாள்களுக்கு இடையில் என்னுடைய பழைய தாள் ஒன்று கலந்து போய்விட்டது. மின்சாரம் இல்லாத ஒரு சாயங்காலம், மனைவி மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அவள் கைகளை மட்டும் கிறுக்கியிருந்தேன். அவ்வளவுதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஸ்வெட்டர் முழங்கையில் இருந்தது.

"சார், இது உங்களுதா?"

ஆமாம் என்றேன்.

"இத ஆசிரியர் சுவத்துல போடுங்க சார். இது ஒண்ணு போதும்."

நான் சிரித்தேன். கேலி செய்கிறார் என்றுதான் பட்டது. இத்தனை வருடத்து ஏரிகளை விட்டுவிட்டு, பூண்டு உரிக்கும் கையை ஒரு பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவன் மாட்டுவதா? அது கிறுக்கல் என்று சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடமும் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே படம் அது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் கேட்காத படங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கவே எனக்குப் பல வருடம் ஆனது. முறையாகப் பட்டம் பெற்றவன் நான், விருது வாங்கியவன் நான். ஆனால் ஒரு படம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று மாணவர்கள் கேட்கப் போவது அவரிடம். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. துறைத்தலைவன் எப்படிப் போய்க் கேட்பான்?

அதனால் நான் வேறு விதமாகக் கேட்டேன். அவருடைய கடைசி வருடம் அது. ஓர் ஏரியை வரைந்தேன். என் வாழ்நாளில் வரைந்ததிலேயே சிறந்தது என்று நம்பினேன். மூலையில் கையெழுத்துப் போடவில்லை. மண்டபத்தில் பிள்ளைகளின் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்த நேரத்தில், யாரும் பார்க்காதபோது, கடைசியாண்டு மாணவர்களின் கட்டு ஒன்றில் அதைச் செருகிவைத்தேன். என் ஏரிகளைப் பார்த்து ஏரி வரையும் பிள்ளைகள் துறையில் நிறையப் பேர், ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு கையில் டீயுடன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் வரிசையாக வந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். என் ஏரி வெளியே வந்ததும் மற்றப் படங்களுக்கு நின்றதைவிட அதிக நேரம் அதன் முன் நின்றார். கை நீண்டது. வலது மூலை, இடது மூலை, நடு, மேலே. ஒரு கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடிக்கொண்டு மறுபடியும்.

"இது யாருது? பேரு போடலையே."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாப் பழகின கை. ஆனா பாக்காம வரைஞ்சிருக்கு. எங்க மறைச்சாலும் ஒண்ணும் ஆகல பாருங்க." 

சொல்லிவிட்டு ஏரியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். என் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. எல்லோரும் போன பிறகு படத்தை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீம்புக்காகவே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

கண்காட்சி அன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மாணவியின் குடும்பம் வேன் பிடித்து வந்திறங்கியது. தகப்பனார் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். வெள்ளனே கிளம்பி, தாய்மாமன், சித்தி என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு மகளின் எட்டுப் படத்தைப் பார்க்க வந்திருந்தார். கயிற்றில் ஒன்றுதான் தொங்கியது. ஒரு வெறும் தக்காளிக் கூடை, சாய்ந்து கிடப்பது. அவ்வளவுதான் படம்.

மனிதர் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். பெட்டியில் நல்ல பழத்தை மேலே வைத்து மற்றதைக் கீழே வைப்பது அவர் தொழில் வழக்கமாம். மேலே வைத்ததைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். அதிலும் எங்க வீட்டுப் பிள்ளை ராஜா ராணியெல்லாம் வரைந்ததே, போயும் போயும் வெறுங்கூடையையா மாட்டுவீர்கள் என்றார். மிஸ் அவரைப் பார்த்து, "கூடையப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அது அவரை இன்னும் கிளறிவிட்டது. பதிவாளரைப் பார்க்காமல் விடமாட்டேன் என்றார்.

சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, வெரசாகக் கிளம்பப் பார்த்தபோதுதான் காவலாளி ஓடிவந்து வாசல் கதவைச் சாத்தினான். காட்டெருமைகள் இரண்டு கேட்டுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தன. இந்த ஊரில் அது ஒன்றும் புதிதில்லை. அதுகளாக நகரும்வரை யாரும் நகர முடியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சமோசா தீர்ந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. உள்ளே அடைபட்டவர்களுக்கு வேறு சோலி இல்லாததால், எங்கள் கண்காட்சியின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, ஜனங்கள் படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் வெற்றிடம் இருந்தது. நடக்கவும் நிற்கவும் வசதியாக இருந்தது. பேச்சு மெல்ல அடங்கியது. மண்டிக்காரர் கூடைக்கு எதிரே போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கிட்டப் போனார். பிறகு மகளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். எருமைகள் நகர்ந்து எல்லோரும் கிளம்பும்போது அவர் என்னிடம் வந்தார்.

"சார், காலையில கத்தினத மனசுல வச்சுக்காதீங்க. ஆடி மாசம் மண்டி படுத்துருச்சுன்னா நான் வெறுங்கூடையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பாப்பா அதப் பாத்திருக்கு. எனக்கே தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த டீச்சரம்மாகிட்டயும் சொல்லிருங்க. அது ஒண்ணே போதும்னு சொல்லிருங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. மிஸ்ஸின் வார்த்தையைக்கூட மற்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் எனக்கு வந்தது.

ஜூனில் பதிவாளர் கூப்பிட்டார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்பதற்குமுன், "கண்காட்சியில ஒரு மண்டிக்காரர் ரொம்பக் கத்தினாராமே, என்ன சார் விஷயம்?" என்றார். அவருக்குக் காலையில் நடந்தது மட்டும்தான் தெரிந்திருந்தது. சாயங்காலம் நடந்தது எனக்கு மட்டுமே தெரியும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற என் ஏரி அப்போது கண்ணுக்குள் வந்தது.

"வருஷா வருஷம் இதே தொல்லைதான் சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொய்யென்று யாரும் அதில் கை வைக்க முடியாது. பதிவாளர், அப்படியானால் வேறு யாரையாவது பார்ப்போமா என்றார். நான் தலையசைத்தேன். ஒவ்வொரு வருடமும் அசைத்த அதே தலை.

மிஸ் விடைபெற வந்தது ஒரு மழைநாள். எங்கே போவீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தார்.

"கிளிப்பு எல்லாம் இதுல இருக்கு சார். கயிறு அலமாரி மேல கெடக்கு. ஈரத்துக்குத் தொய்யும், மத்தியானத்துக்குள்ள இன்னொருக்கா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க."

அடுத்த வருடக் கண்காட்சியை நானே நடத்தினேன். எட்டு எட்டாக எல்லாவற்றையும் மாட்டினேன். கயிற்றில் இடம் போதாமல் இரண்டாவது கயிறு கட்டினோம். பெற்றோர் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. பதிவாளர் கைகொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு அந்த மண்டபத்தில் தனியாக நடந்தேன். துணிக்கடைக்குள் நடப்பதுபோல இருந்தது. எந்தப் படத்தின் முன்னாலும் கால் நிற்கவில்லை. யாரும் இல்லையே என்று நினைத்து, சட்டைக் கையை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ஒரு படத்தின் முன்னால் கையை நீட்டினேன். ஒரு கண்ணை மூடினேன். மறைத்தேன், நகர்த்தினேன், மறைத்தேன். என் கை தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அதன்பின் நான் ஓய்வு பெற்றேன். சேர்க்கை குறைந்து துறையையும் மூடிவிட்டார்கள்.

சென்ற மாதம் வத்தலக்குண்டிலிருந்து திரும்பும்போது பேருந்து பெருமாள்மலையில் பழுதாகி நின்றது. அடுத்த வண்டி வரும்வரை நிற்கலாம் என்று இறங்கி ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஹோம்மேட் சாக்லேட், தைலம், மசாலா, கம்பளித் தொப்பி என்று தரையிலிருந்து கூரைவரை அடைத்து வைத்திருந்த கடை. உள்ளே ஒரு பெண் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியில் தெரிந்த சின்ன இடைவெளி ஒன்றில் தைலப் புட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரின் கை விரல் நுனிவரை இறங்கியிருந்தது.

"சார்!" என்றார் திரும்பி. "வாங்க சார், உக்காருங்க. மெலிஞ்சு போய்ட்டீங்களே."

அக்காவின் கடையாம். பல்கலைக்கழகத்தை விட்டு வந்ததிலிருந்து இங்கேதானாம். பேசிக்கொண்டே சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவில் இன்னும் இரண்டு டப்பாக்களைச் செருகினார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். சிரித்தார்.

"வெற்றிடம் தெரிஞ்சா அக்கா வைவாங்க சார். நெறைஞ்சு கெடந்தாத்தான் வண்டிக்காரங்க நிப்பாட்டுவாங்க."

அந்தச் சிரிப்பில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய மாணவர்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார். ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரரைப் பற்றியும் அவராகவே பேசினார். அவர் சத்தம் போட்டதால்தான் வேலை போயிற்று என்று யாரோ சொன்னார்களாம். "அவர் மேல கோவம் இல்ல சார். பெத்தவரு, கேக்கத்தான செய்வாரு" என்றார். நான் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பூண்டு உரிக்கிற கை இருக்கா சார்?"

இருக்கிறது என்றேன். இல்லை. பரணில் கட்டிப்போட்ட தாள்களோடு அதைப் பூசணம் தின்று எத்தனையோ நாள் ஆகிறது.

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மட்டும் மனசுல கெடக்கு சார். அந்தக் கடைசி வருஷம் பேரு போடாம ஒரு ஏரிப் படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எந்தப் பிள்ளையோ தெரியல. அத்தன பேரு முன்னாடி, பாக்காம வரைஞ்சதுன்னு சொல்லித் திருப்பி வச்சிட்டேன். என்னுதுன்னு சொல்லக்கூட அதுக்குப் பயம். தனியாக் கூப்பிட்டுப் பேசியிருக்கணும். மறுநா போய்ப் பாத்தா படமே இல்ல, எடுத்துட்டுப் போயிருச்சு. ஒவ்வொரு பிள்ளையா நெனச்சு நெனச்சுப் பாப்பேன், இவனா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு. நான் சொன்னதுல வரையறதையே விட்டிருந்தா?"

"விட்டிருக்காது" என்றேன்.

"எப்படி சார் சொல்றீங்க?"

வாசலில் பேருந்து ஹாரன் அடித்தது. வண்டி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். இந்த வயதில் ஒரு கிழவன் அப்படி ஓடியதை அவர் பார்த்திருப்பார்.

வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். ஒரே ஒரு வாக்கியத்துக்காக, அதுவும் உண்மையான ஒரு வாக்கியத்துக்காக, அவர் இத்தனை வருடம் வருந்திக்கொண்டிருக்கிறார். நானும் ஒரு வாக்கியம் சொன்னவன்தான். என் வருத்தத்தில் பாதி, அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம். அவருடையதில் அது துளியும் இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த வருத்தத்தின் மீதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, கூடத்திலிருந்த ஏரியைக் கழற்றினேன். மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதற்குக் கழற்றுகிறீர்கள் என்றாள். நாற்காலியிலிருந்து இறங்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் கட்டுக்குள் செருகியதிலிருந்து பேருந்துக்கு ஓடியதுவரை. அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு வேல போனது உங்களாலயா?"

அவள் இன்னொரு பல்லை எடுத்து உரித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. எழுதிப் பார்த்தால் துணிவு வருமோ என்று இதை எழுதத் தொடங்கினேன். இன்று காலை ஏரியைச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்தேன். வலது கீழ் மூலையில், எப்போதோ போட்டிருக்க வேண்டிய இடத்தில், என் பெயரை முழுதாக எழுதினேன். மை காய்ந்ததும் ஓர் அட்டையில் வைத்து, கிளிப் போட்டு எடுத்துக்கொண்டேன். அந்தத் துணிப்பையிலிருந்த கிளிப்புகள்தான். எப்படியோ என்னிடமே தங்கிவிட்டன.

பேருந்தில் கண்டக்டர், "பெரியவரே, மேல வச்சா நசுங்கிரும், மடியிலயே வச்சுக்கங்க" என்றார். டிக்கெட்டைக் கிழித்தபடி எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊரு ஏரிதான இது? யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

மேகம் இறங்கி ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. நான் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டேன். படகை மறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கரையை மறைத்தேன், மரங்களை மறைத்தேன், பனியை மறைத்தேன். அவர் சொன்னது சரி, எங்கே மறைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக வலது கீழ் மூலைக்குக் கை போனது. மறைத்தேன். முதல் தடவையாக அந்தப் படத்தில் எதுவோ குறைந்தது.

பெருமாள்மலை இறங்குகிறவர்கள் முன்னால் வரும்படி கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் எழுந்தேன்.